ஏறுவதற்கு ஸ்பெஷல், இறங்குவதற்குச் சாதா

போடி பங்க்கில் டீசல் போடும் அனுசுயாவுக்குக் கை சுறுசுறுப்பு. வாய் அதைவிட ஒரு படி மேல். போனைக் காதில் வைத்தபடி காருக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள்கூட, மீட்டரைப் பார்க்கச் சொல்லி அவள் போடும் அதட்டலுக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும்.

அங்கே சாதா டீசலுக்கு ஒரு பம்பு, ஸ்பெஷலுக்கு ஒரு பம்பு. ஸ்பெஷல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். வருகிற வண்டிக்கெல்லாம் அதையே தள்ளிவிட வேண்டும் என்பது முதலாளி அய்யாத்துரையின் உத்தரவு.

மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் தங்கப்பாண்டியனின் ஜீப் அவரைப் போலவே அரதப் பழசு. விடியற்காலையில் வந்து, "ஏறுறதுக்கு அஞ்சு லிட்டர் ஸ்பெஷல்" என்பார். பிறகு வண்டியை அடுத்த பம்புக்கு நகர்த்தி, "எறங்குறதுக்கு மூணு லிட்டர் சாதா" என்பார். வருஷக்கணக்காக இந்தக் கூத்து நடந்தது. மற்றவர்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டு போட்டுவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அனுசுயாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஏண்ணே, ரெண்டும் ஒரே டேங்குலதான கெடக்கு? போறப்ப இது, வாறப்ப அதுன்னு இஞ்சினு பிரிச்சா குடிக்கும்?"

தங்கப்பாண்டியன் தலையைச் சொறிந்தார். "மல மெட்டு ஏறணும்லத்தா."

"இந்த வண்டிக்குச் சாதாவே போதும்ணே. டயருல காத்து கம்மியா இருக்கு, அதப் பிடிங்க. பொம்பளைக வந்து ஏறுற வரைக்கும் இஞ்சின ஓடவிடாதீக. மிச்சம் தன்னால நிக்கும்."

பின்னால் நின்று கேட்ட அய்யாத்துரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஜீப் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டார். "யாவாரத்தக் கெடுக்கவா ஒன்னய வச்சிருக்கேன்? நாளைக்கு ஸ்பெஷல் ஓடலேன்னா வேற எடம் பாத்துக்க."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. தேனியில் நர்சிங் படிக்கும் மகளுக்கும் அதுதான் கதி. பயந்துதான் போனாள்.

சேதி எப்படியோ தங்கப்பாண்டியன் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ஜீப் நேராக ஸ்பெஷல் பம்பில் வந்து நின்றது. "இன்னைக்கு டேங்கு பூராவும் ஸ்பெஷலே போடுத்தா. ஒன் வேல நெலைக்கட்டும்."

ஜீப்புக்குள் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அய்யாத்துரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அனுசுயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வந்த லட்சுமியை வேண்டாமென்பார்களா?

"உங்க பொழப்புல கைய வச்சா எனக்குச் சோறு எறங்காதுண்ணே. வண்டிய அங்கன சாதாவுக்கு விடுங்க."

சொல்லிவிட்டு, சாதா பம்புக்குப் போய்ப் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். தங்கப்பாண்டியன் தயங்கித் தயங்கி வண்டியை நகர்த்தினார். அய்யாத்துரை விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளும் அவள் வேலைக்கு வந்தாள். ஏன் வந்தாய் என்று முதலாளி கேட்கவில்லை.