வராது என்று நம்பிய நோய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரை படித்தவள். முன்னே பின்னே மாற்றிச் சொல்லியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் சில வார்த்தைகளை இந்த வயது வரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனாலும் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். ஒரே மகன் பிரபு. எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவன். லோடு வண்டி ஓட்டுகிறான். வெளியூரிலிருந்து காய்கறி ஏற்றிவந்து பெரிய மார்க்கெட்டில் இறக்குவான்.

கல்யாணத்துக்கு முந்தி அவனுக்கு ஒரு தொந்தரவு வந்தது. சிறுநீர் போனால் எரிச்சல், வீக்கம். டாக்டர் ஃபைமோசிஸ் என்றார் (ஆணுறுப்பின் நுனித்தோல் இறுகி, பின்னால் தள்ள முடியாமல் போவது). அந்தத் தோலை வெட்டி எடுத்தார்கள். முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செய்கிற சுன்னத்துதான் அது. தெருவில் கேட்டவர்களிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம்.

ஆனால் கைலியை முன்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வண்டி ஸ்டாண்டில் ஒரே கேலி. "இன்னா பாய், பிரியாணி எப்போ?" என்பார்களாம். வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்துக்கொள்வான். அப்புறம் கூட்டாளி டிரைவர் ஒருத்தன் அவனைத் தேற்றுவதற்காக, "வுட்றா, இனிமே உனக்கு ஒரு சீக்கும் ஒட்டாது, நாங்கதான் பயந்து சாவணும்" என்று சொல்லியிருக்கிறான். இதைப் பிரபு போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். கேலிக்குப் பதில் சொல்ல அவனுக்கு அந்தப் பேச்சு கிடைத்தது. சொல்லிச் சொல்லி அதை அவனே நம்பிவிட்டான்.

மருமகள் கௌரி பாகூர் பக்கத்துப் பெண். அவள் அப்பா நெல் பயிர் வைப்பவர். கல்யாணமான மறுவருஷம் முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தபோது வழக்கமாக எடுக்கும் ரத்தத்திலேயே நோய் தெரிந்துவிட்டது. லேடி டாக்டர் கௌரியையும் கூடப் போன என்னையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சிபிலிஸ் என்றார் (உடலுறவால் ஒட்டுகிற நோய். நம் பக்கம் மேகநோய் என்பார்கள். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்). பென்சிலின் ஊசி வாரம் ஒன்றாக மூன்று போட வேண்டும், பிள்ளையைக் காப்பாற்றலாம் என்றார். புருஷனும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் இரண்டு பேரும் சேரக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

கௌரி சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவனிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை.

"எனக்குத்தான் அறுத்தாச்சே. எனக்கு வராது. அப்போ உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் மீன் கையோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிப்போனது. டாக்டரே செய்த ஆபரேஷன் ஆயிற்றே.

யாரைக் கேட்பது? கடைசியில் பக்கத்து வீட்டு மும்தாஜிடம், யாருக்கோ என்பதுபோலச் சுற்றிவளைத்துக் கேட்டேன். அவள் புரிந்துகொண்டாள். "ஏங்கா, எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் சின்னதுலயே பண்ணிடுறோம். அதோட எல்லாம் தீந்துச்சுன்னா எங்காளுங்க எதுக்கு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறாங்க?" என்றாள். சிரிப்பு வந்தது. ஆனால் இதைப் போய் மகனிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் தாயும் மகனும் இதெல்லாம் பேசி வழக்கமில்லை.

கௌரி ஊசி போட்டுக்கொண்டாள். உட்கார முடியாத வலி. வேறே படுத்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அது அந்த அறைக்குள் எடுபடவில்லை. அவன் ஊசிக்கும் வரவில்லை. தன் அம்மா வீட்டுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள்.

திரும்ப ரத்தம் பார்த்தபோது எட்டாக இருந்த அளவு முப்பத்திரண்டு ஆகியிருந்தது (டைட்டர் என்பார்கள். நோய் குறைந்தால் இந்த எண்ணும் குறைய வேண்டும்). மறுபடி ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். கௌரி தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன். என் மகனுக்கு அந்தத் தோல் இல்லை, அவனுக்கு வருமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். அந்தத் தோலை எடுத்தால் பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு குறைகிறதாம். வேறு சில தொற்றுகளும் குறையுமாம். சிபிலிசுக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதாம். "குறையும்மா. வராதுன்னு யாரும் சொல்லல. ஆணுறை போட்டுத்தான் ஆகணும். அவருக்கு வந்துட்டா, அந்த ஆபரேஷன் இந்தப் பொண்ணக் காப்பாத்தாது" என்றார்.

அப்படியானால் இது அவனிடமிருந்து வந்ததுதான் என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "ரத்தம், நோய் யாருக்கு இருக்குன்னுதான் சொல்லும். யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லாது."

அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று அப்போது புரிந்தது.

மறுநாள் காலையில் தக்காளி லோடோடு வீட்டுப் பக்கம் டீ குடிக்க வந்தான். அவன் குடித்து முடிப்பதற்குள் நான் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்த வண்டியில் அதுவரை ஏறியதே இல்லை.

"எம்மா, எறங்கு. மார்க்கெட்ல ஆளு நிக்குது."

"ஆஸ்பத்திரிக்கு வுடு."

"தக்காளி நசுங்கிப் பூடும்."

"நசுங்கட்டும். வயித்துல இருக்கறது உன் புள்ள. வா வந்து ரத்தம் குடு. குடுக்காம நான் எறங்க மாட்டேன்."

தெரு பார்த்தது. பார்க்கட்டும் என்று கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டீ கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டு ஏறி, வண்டியை எடுத்தான்.

அவன் ரத்தத்திலும் நோய் இருந்தது. டாக்டர் அவனிடம் ஒன்றுதான் கேட்டார், எப்போதாவது வலியில்லாத புண் வந்ததா என்று. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். முழங்கால் வலியில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"ஒண்ணு வந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம், வெளியூர் லோடு போயிட்டு வந்த பின்னாடி. வலிக்கல. தானா ஆறிடுச்சு. அதான் ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டேன்."

அதுதான் நோயின் முதல் கட்டமாம். புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே இருக்கும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டு பேருக்கும் ஊசி போட்டார்கள். அவன் சொன்னதை நான்தான் கௌரியிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "உங்க முன்னாடிதான் சொன்னாரா, அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் தோளில் தலையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

எட்டாம் மாதம் பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டது. இறந்துதான் பிறந்தது. பெண் குழந்தை. பிரபுதான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். கேலி பேசிய கூட்டாளிகளே குழி வெட்டினார்கள். கொஞ்சம் முன்னாலேயே அவன் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கௌரி இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. ரத்தம் பார்க்கிற நாளில் பாகூர் பஸ்ஸில் வந்து இறங்குவாள். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். முப்பத்திரண்டு எட்டானது, இப்போது இரண்டு. முன்பெல்லாம் ஆடி, தீபாவளி, பொங்கல் என்றுதான் வருஷம் ஓடும். இப்போது அடுத்த ரத்தம் எப்போது என்பதுதான் எனக்குக் காலம். என் உடம்பைக்கூட இருட்டில் குளித்து இருட்டில் துடைத்தவள் நான். இப்போது டாக்டர் அறையில் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். கூச்சம் போய்விடவில்லை. கூசிக்கொண்டே கேட்கிறேன்.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்துச் சரிபார்த்துக் கொடுங்கள். ஊசிக் கணக்கு, நோயின் பெயர், ரத்த எண், எதில் தவறு இருந்தாலும் திருத்துங்கள். கௌரியிடமிருந்து அது வரவில்லை என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டாம். அது அவன் வாயால் சொல்லி, என் காதால் கேட்டது.