என் குடையில் எனக்கு இடம்

இன்று சாக்கோட்டையில் மோட்டார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது.

"நனையாதீக, இங்குட்டு வாங்க!" என்று எங்கள் தெருக்காரர் ஒருவர் தம் குடைக்குள் கூப்பிட்டார்.

தம் குடையா? என் மைத்துனர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. போன மழைக்கு இவர் என்னிடம் இரவல் வாங்கியது. கைப்பிடியில் என் பெயரே வெட்டியிருக்கிறது.

வழியெல்லாம் ஊரில் நாணயம் செத்துப்போனதைப் பற்றியே பேசினார். நனையாமல் கூட்டிப்போகிற மனிதரிடம் எப்படிக் கேட்பது? தலையாட்டினேன்.

அவர் வீடு வந்ததும் குடையை என்னிடம் கொடுத்தார். "கொண்டுபோங்க. நாளைக்கே தந்துருங்க. இரவல் வாங்கிட்டு வச்சுக்கிடுற ஆளுக பெருத்துட்டாக."

"ரொம்ப உபகாரம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

திருப்பித் தராவிட்டால் நாளை தெருவில் நான்தான் நாணயம் கெட்டவன். என்ன செய்யட்டும்? மழை விடுவதற்குள் சொல்லுங்கள்.