காவடிப் படம்

பவானேஸ்வரிக்கு வாய் நீளம் என்று மலாக்காவின் பாயா ரும்புட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோலா சுங்கை பாரு பக்கம் இவர்கள் குடும்பம் வேலை செய்த தோட்டத்தை விற்றபோது, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வந்த மேனேஜரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவள். அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. இப்போது சுங்கை ஊடாங்கில் ஒரு கேண்டீனில் சமையல். சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்ல அங்கே ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன் கணேஸ்வரன் மேல் கொலைக் குற்றச்சாட்டு. ஒரு பட்டறைக்குப் பின்னால் நடந்த அடிதடியில் ஒருவன் செத்துப்போனான். அங்கே கணேஸ்வரனின் லாரி நின்றிருந்தது. அடித்தானா, விலக்கப் போனானா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். அதுவரை சிறை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் கழுவ வேண்டிய மனிதன். வண்டி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை என்று அங்கே அதையும் தள்ளிப்போட்டார்கள். போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. அங்கிருந்து நேரே வக்கீலிடம் போனாள்.

கொலை வழக்கில் ஜாமீன் குதிரைக்கொம்பு, ஆனால் நோயாளிக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றார் வக்கீல் கவிநேசன். உடனே மனுப் போடச் சொன்னாள்.

நாத்தனார் ராஜம்மாவுக்கு வேறு பயம். கைதாவதற்கு முந்தைய மாசி மகத்தில் கணேஸ்வரன் சன்னாசிமலைக் கோவிலுக்குக் காவடி எடுத்த படம் பவானேஸ்வரியின் பேஸ்புக்கில் இருந்தது.

"அத எடுத்துடு பவானி. நோயாளின்னு சொல்லிட்டு இத வச்சிருந்தா எவன் நம்புவான்?"

"நான் என்ன திருடியா போட்டேன் அண்ணி? அது பாட்டுக்கு இருக்கட்டும்லா."

ராஜம்மா பயந்தபடியே ஆனது. நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அந்தப் படத்தைத்தான் தூக்கிக் காட்டினார். காவடி தூக்கி மலையேறியவர் சிறையில் இருக்க முடியாத நோயாளியா என்று கேட்டார். ராஜம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பவானேஸ்வரி எழுந்துவிட்டாள். பெண் போலீஸ் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. நீதிபதியை மலாய் மரியாதைப்படி 'யாங் ஆரிஃப்' என்று விளித்துக் கேட்டாள்.

"நல்லா இருக்கிறவன் எதுக்கு யாங் ஆரிஃப் காவடி எடுக்கிறான்? கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நேந்துகிட்ட காவடி அது. வழி பூரா பிளாஸ்டிக் நாற்காலி தூக்கிட்டுப் போயி, இவர உக்கார வச்சு உக்கார வச்சு ஏத்தினேன். அது படத்துல தெரியாது. கொலை பண்ணாரா இல்லியான்னு நல்லா விசாரிங்க. விசாரிக்க ஆளு உயிரோட வேணாமா?"

மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்லி முடித்தார். நீதிபதி அவளை வெளியே அனுப்பவில்லை. வேண்டுதல் பலித்ததா என்று கேட்டார்.

"பலிச்சிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்? சாமி கைய விரிச்சிடுச்சு. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

மதியத்துக்கு மேல், மருத்துவ அறிக்கையை மறுபடி படித்துவிட்டு நீதிபதி ஜாமீன் கொடுத்தார். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், மலாக்காவை விட்டுப் போகக் கூடாது, மாதாமாதம் போலீஸ் நிலையத்தில் கையெழுத்து.

வெளியே வந்ததும் ராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியப் போயி அத்தன பேரு முன்னால அப்படிச் சொல்லிட்டியேடி. குத்தம் ஆயிடும்."

"ஆகட்டும் அண்ணி. சாமி எம்மேல கேஸ் போடட்டும். எனக்கு ஒரு நோவும் இல்ல, ஜாமீனும் கேக்க மாட்டேன். உள்ளயே இருக்கேன். இவரு மட்டும் வீட்டுல இருக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.