சுவரை அடக்கிய கல்யாண மெத்தை

ஒலிப்பதிவுத் தொழிலில் பேசுகிறவரின் வாயை அடைத்துவிடலாம். சுவரின் வாயை அடைப்பதுதான் பெரும்பாடு. ஒற்றை அறையில் மைக் மாட்டி அவதிப்பட்ட என் இனத்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

கிணற்றுக் குரல்

எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் ஒரு பழைய உரக்கடையை வாடகைக்குப் பிடித்து, ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிப் போடும் விளம்பரங்களைக் கேசட்டில் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பேசுவது கோவிந்தன். ஊரிலேயே கணீர் குரல், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சிமெண்டுத் தரை, வெறும் சுவர். அவன் ஒரு தடவை சொன்னால் அறை இன்னொரு தடவை சொல்லும்.

ஜவுளிக்கடை மாதப்பன் முகூர்த்த மாதத்துக்கு விளம்பரம் கேட்டு வந்தார். அவரை விட்டால் என் கடைக்குப் பூட்டுதான். மாதிரிக் கேசட்டைக் கேட்டவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கெணத்துல உளுந்தவன் கூப்புடற மாதிரி இருக்குதுங்க. வெள்ளிக்கெழமக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா நான் சேலத்துக்கே போயிக்கறேன்."

சும்மா வந்த சாக்கு

சாக்கு தொங்கவிட்டால் சத்தம் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். நிலக்கடலை அறுவடை நேரம், நல்ல சாக்குக்குப் பஞ்சம். மண்டியில் சும்மா கொடுத்தது மிளகாய்ச் சாக்கு. நன்றாக உதறித்தான் மாட்டினேன், சத்தியமாக! மின்விசிறியைப் போட்டதுதான் தப்பு. "பட்டுப் புடவைகள்" என்று ஆரம்பித்த கோவிந்தன் பதினோரு தும்மல் போட்டான். நான் எண்ணினேன், எனக்கு வந்த ஏழு தனி. கண்ணில் நீர் வழிய, பதிந்ததைப் போட்டுக் கேட்டான். "அண்ணா, எதிரொலி கொறஞ்சிருச்சுண்ணா. ஒவ்வொரு தும்மலும் ஒரே தடவதான் கேக்குது."

தெர்மகோல் அன்னங்கள்

அடுத்து, மணமேடை ஜோடிக்கும் நண்பரிடம் மிச்சமிருந்த தெர்மகோலை அள்ளி வந்தேன். அன்னங்கள், தாமரைகள், சுவர் தெரியாமல் ஒட்டியாயிற்று. அறையைப் பார்த்து எனக்கே வெட்கம் வந்தது. எதிரொலி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. வழியில் எட்டிப் பார்த்த மாதப்பன் ஒரு முறை கைதட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாக்கறதுக்கு மாப்பிள்ள வூடுங்க. கேக்கறதுக்கு அதே கெணறுதான்."

இரவல் மெத்தை

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பக்கத்துக் கடை கபூர் பாய் பஞ்சு மெத்தை தைப்பவர். ஒரு கல்யாண வீட்டுச் சீருக்குத் தைத்த நான்கு மெத்தைகளைத் தந்து, "பொண்ணு வூட்டுக்காரங்க சாயங்காலந்தான் வருவாங்க, அழுக்குப் படாம பாத்துக்குங்க" என்றார். சுவருக்கு ஒன்றாகச் சாய்த்தோம். அறை கப்சிப். எனக்கு ஆடலாம்போல இருந்தது. மாதப்பன் வந்து உட்கார, கோவிந்தன் பேசினான். குரல் ஒல்லியாக, நடுங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கணீரென்றிருந்தது என் சுவர்கள்தான் போலிருக்கிறது! மாதப்பன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, காலால் செருப்பைத் துழாவினார்.

அப்போது கதவு படாரெனத் திறந்தது. பெண்ணின் அம்மா, மதியமே வந்துவிட்டார். "நாளைக்கு முகூர்த்தம்! எம்பொண்ணு மெத்தைய செவுத்துல சாத்தி வெச்சு என்னய்யா கூத்தடிக்கறீங்க?" டேப் ஓடிக்கொண்டிருந்தது. போட்டுக் கேட்டால் ஒவ்வொரு எழுத்தும் மணிமணியாக விழுந்திருந்தது. மாதப்பன் மலர்ந்துபோய் எழுந்து நின்றார்: "சேலமெல்லாம் வேண்டாங்க. இந்தம்மாவயே பேசச் சொல்லுங்க. இந்த அதட்டலுக்கு எவனும் வூட்ல உக்காந்திருக்க மாட்டான்."

கல்யாணம் முடிந்த கையோடு அந்தம்மா வந்து, பாய் இரவல் தந்த வேறு மெத்தைகளுக்கு நடுவே பேசியதில் என் கடை பிழைத்தது. கோவிந்தன்தான் பாவம், இன்றைக்கும் எங்காவது கிணற்றைக் கண்டால் எட்டிப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறான்.