வென்லாக் வம்சத்தில் விட்டுப்போன பெயர்

இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இதே கதையை நான் ஒரு முறை கையில் விலங்கோடு, மரண விசாரணை அதிகாரி முன்னால், பைபிளில் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். பொய் என்று பட்டிருந்தால் அந்த வாரமே என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள். அன்று சொன்னதையேதான் இங்கேயும் சொல்கிறேன்.

என் பெயர் சைமன் லட்டர். ஊர் லண்டன். பெரிய குடும்பங்களின் வம்சாவளியை எழுதிக் கொடுப்பது என் வேலை. யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரை மணந்தார், யார் வாரிசு இல்லாமல் போனார் என்று தோல் தாளில் கிளை கிளையாக வரைந்து எழுதுவேன்.

1664, ஜனவரி 16. ஷ்ராப்ஷையரில் கால்டர்ஸ்டோ மாளிகைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் சர் ஆம்ப்ரோஸ் வென்லாக். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுச் சண்டைக்கு முன்னால் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து அரசருக்காக வாதாடியவர். பேச்சு எடுபடாமல் போனதும் வாளை எடுத்தார். அரசர் தலை விழுந்த பிறகு பிரான்சுக்கு ஓடினார். இளவரசர் திரும்பி வந்து முடிசூடியதும் இவரும் திரும்பி வந்து சொத்தை மீட்டுக்கொண்டார். இப்போது பிரபு பட்டம் தருவதாகப் பேச்சு. அதற்கு முன் வம்சம் சுத்தமானதுதான் என்று எழுதி முத்திரை வைக்க வேண்டும்.

வாசலில் காரியஸ்தர் பார்ட்டில் கோப் என் பையை வாங்கினார். வயதானவர். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"எந்த ரூம்ல எழுதப் போறீங்க எழுத்தரே?"

"சாப்பாட்டு அறைன்னு சொன்னாங்க."

"முடிஞ்சா இருட்டுறதுக்குள்ள முடிச்சுக்கோங்க."

"இருட்டினா மெழுகுவர்த்தி தர மாட்டீங்களா?"

"தருவோம், தருவோம்" என்றார். பையோடு உள்ளே நடந்தார்.

சாப்பாட்டு அறையில் லண்டனில் வாங்கிய புதுக் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. அதனால்தான் நேரமெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியும். நான் பேனாவைத் தொட்டபோது மணி 3:20.

சர் ஆம்ப்ரோஸ் கனத்த ஆள். இடது காதில் பாதி இல்லை. ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட மாவு அடையைக் கத்தியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டே சொன்னார்.

"எங்க பரம்பரைல படுக்கைல செத்தவன் கம்மிய்யா. பயப்படாம எழுது. கொள்ளுத் தாத்தா ஹியூ. பக்கத்து நெலத்துக்காரனைக் கெணத்துல தூக்கிப் போட்டு நெலத்தை எடுத்துக்கிட்டார்."

"அதையும் எழுதணுமா ஐயா?"

"நெலத்தை மட்டும் எழுது. அப்புறம் தாத்தா ஃபல்க். வரி கேட்டு வந்தவன் காதை வாசக் கதவுல ஆணி வெச்சு அடிச்சார். அப்பா ஜைல்ஸ். ஒரு வேட்டை நாய்க்காக இன்னொருத்தனோட வாள் சண்டை. ரெண்டு பேரும் செத்தாங்க. நாய் மட்டும் பன்னெண்டு வருஷம் நல்லா இருந்துச்சு."

சிரித்தார். நானும் சிரித்தேன். எழுதினேன். ஜைல்ஸுக்குக் கீழே இரண்டு கிளை போட்டேன். மூத்தவர் ரால்ஃப். இளையவர் ஆம்ப்ரோஸ்.

"அண்ணன் ரால்ஃப்?"

மெல்லுவதை நிறுத்தினார்.

"நாடாளுமன்றக் கட்சிக்குப் போன துரோகி. நாப்பத்தஞ்சுல பொண்டாட்டியோட ஹாலந்துக்குக் கப்பல் ஏறினான். கப்பல் முங்கிருச்சு. வாரிசு இல்லை. எழுது."

எழுதினேன். 'மனைவி டெபோராவுடன் கடலில் இறந்தார். வாரிசு இல்லை.' மணி 4:05.

வழக்கம்போல மை உலர மணல் தூவினேன். ஊதினேன். மற்ற வரிகளெல்லாம் காய்ந்திருந்தன. அந்த ஒரு வரி மட்டும் காயவில்லை. மறுபடி தூவினேன். மணல் மையில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அப்போதுதான் எழுதியதைப் போல எழுத்துகள் பளபளவென்று ஈரமாக நின்றன.

மை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதே மையில்தான் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

4:17.

டொக்.

என் முதுகுக்குப் பின்னால்... சுவரிலிருந்து.

"எலி" என்றார் சர் ஆம்ப்ரோஸ். நான் எதுவும் கேட்கவில்லையே என்று தோன்றியது. அவர் கை கத்தியை விடவில்லை.

டொக்... டொக்.

எலி அப்படித் தட்டாது. விரல் முட்டியால் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. ஆனால் அங்கே கதவு இல்லை. வெள்ளையடித்த வெறும் சுவர். அதன் நடுவே ஒரு ஆள் உயரத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. நான் உட்கார்ந்தபோது அது இல்லை.

4:26. தாளைத் திரும்பிப் பார்த்தேன். காயாத அந்த வரியின் மேல் ஓர் அடையாளம் பதிந்திருந்தது.

ஒரு உள்ளங்கை.

என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.

அப்போது என் கை எழுதத் தொடங்கியது. நான் எழுதவில்லை. என் விரல்கள் குளிரில் மரத்துப் போயிருந்தன. பேனா தானாக ஓடியது. கையைப் பின்னால் இழுத்தேன். வரவில்லை.

"என்னய்யா கிறுக்குற? நான் ஒண்ணும் சொல்லலையே."

வந்து தாளைப் பிடுங்கினார். படித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த நொடி தகரக் குவளையால் என் தாடையில் ஓங்கி அடித்தார். இரண்டு பல் நாக்கின் மேல் விழுந்தன. கீழே கிடந்த என் வயிற்றில் பூட்ஸ் காலால் மிதித்தார். பிறகு கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வாளை உருவி என் கழுத்தில் வைத்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா? பார்ட்டிலா?"

"யாரும் இல்லை ஐயா... கை தானா..."

வாள் முனை தோலைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

4:38.

சுவருக்குள் ஒரு குழந்தை அழுதது.

மெல்லிய அழுகை. பிறந்து சில நாளே ஆன குழந்தை.

வாள் என் கழுத்தை விட்டு நகர்ந்தது. சர் ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தார்.

"செத்தவன் செத்தவனாவே கெட ரால்ஃப்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பிறகு சுவரை வெட்ட ஆரம்பித்தார். வெட்டு மேல் வெட்டு. சுண்ணாம்பு பறந்தது. நாலாவது வெட்டில் வாள் சுவரில் சிக்கியது. இழுத்தார்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெழுகுவர்த்தி அணைந்தது. குளிர்காயும் அடுப்பின் தீயும் அணைந்தது.

மட்... 

விரல் முறியும் சத்தம். அவர் கத்தினார்.

மட்... மட்...

நான் மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்தேன். எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. 

பத்து.

பிறகு நகங்கள் சுவரில் பிராண்டும் சத்தம். ஸ்ர்ர்ர்...

பிறகு வாய்க்குள் எதையோ திணிக்கும் சத்தம்.

திணித்தார்கள்.

இன்னும் திணித்தார்கள்...

அப்புறம் அமைதி.

4:58-க்குப் பார்ட்டிலும் வேலைக்காரர்களும் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சர் ஆம்ப்ரோஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பத்து விரலும் பின்பக்கமாக மடிந்திருந்தன. நகம் ஒன்றுகூட இல்லை. வாய் நிறையச் சுண்ணாம்புச் சாந்து. கன்னம் கிழியும் அளவுக்கு. இன்னும் ஈரமாக இருந்தது. சுவரில் அவருடைய வெட்டுகளைத் தவிர ஒரு கீறல் இல்லை.

பூட்டிய அறை. சாவி செத்தவர் சட்டையில். உள்ளே இருந்த மற்றொரு ஆள் நான் மட்டும்தான். வேறென்ன நினைப்பார்கள்? வேலைக்காரர்கள் என்னை அடித்துப் பாதாள அறையில் கட்டிப் போட்டார்கள். அங்கேயே கொன்றிருப்பார்கள். பார்ட்டில்தான் தடுத்தார்.

மூன்றாம் நாள் மரண விசாரணை அதிகாரி ஓட்லி வந்தார். அவர் மேஜை மேல் என் வம்சாவளித் தாள் கிடந்தது.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க. ஆனா நான் எழுதலை."

உரக்கப் படித்தார். "'ரால்ஃபுக்கும் டெபோராவுக்கும் மகன், கேலெப். பிறந்தது 1645 நவம்பர் 9. இறந்தது நவம்பர் 13. இந்தச் சுவருக்குள்.' யாருய்யா இந்தக் கேலெப்?"

"தெரியாதுங்க. கடவுள் சத்தியமாத் தெரியாது. தூக்குல போடறதுன்னா போடுங்க. ஆனா அதுக்கு முன்னால அந்தச் சுவரை உடைச்சுப் பாத்துருங்க."

பின்னால் நின்ற பார்ட்டில் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"கேலெப்னு யாரும் எனக்குத் தெரியாதுங்க. ஆனா டெபோராம்மா அப்ப எட்டு மாசம். கப்பல் கதை பொய். சமாதானம் பேசலாம் வாங்கன்னு தம்பிதான் கடுதாசி போட்டு வரவழைச்சார். அவங்க வந்த அன்னிக்கு எங்களையெல்லாம் மில்லுக்கு அனுப்பிட்டார். சண்டைல பிடிச்சு அங்க வெச்சிருந்த பதினோரு கைதிங்களைக் கழுத்தறுத்துட்டு வாங்கன்னார்."

"நீங்க?"

"அறுத்தோங்க. பொழுது சாஞ்சு திரும்பி வந்தோம். பியர் பீப்பாய் வெக்கற சின்ன ரூம் ஒண்ணு சாப்பாட்டு ரூமை ஒட்டி இருந்துச்சு. அதோட கதவு இருந்த எடத்துல ஈரச் சுவர். அண்ணன் கப்பலேறப் போயிட்டார்னு சொன்னார். நாங்க கேக்கலை. கேக்கற நெலமைல நாங்களும் இல்லை."

கடப்பாரையால் உடைத்தார்கள். என்னையும் விலங்கோடு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

உள்ளே காலி பீப்பாய் ஒன்று. ஒரு ஆணின் எலும்பு. ஒரு பெண்ணின் எலும்பு. அவள் மடியில், கிழிந்த உள்பாவாடையில் சுற்றி, ஒரு பறவை எலும்பு அளவுக்குச் சின்னதாக இன்னொன்று. ஆணின் விரல் எலும்புகள் நுனியில் தேய்ந்து மழுங்கியிருந்தன.

சுவரின் உள்பக்கம் பெல்ட் கொக்கியால் கீறியிருந்தது. கேலெப். நவம்பர் 9. நவம்பர் 13. என் தாளில் இருந்த அதே பெயர், அதே தேதிகள். அதற்குக் கீழே நாளுக்கு ஒன்றாகக் கோடுகள். ஓட்லி விளக்கைப் பிடித்து எண்ணினார். பத்தொன்பது.

அந்தக் குழந்தை பிறந்ததே வெளியே ஒருவருக்கும் தெரியாது. அதன் பெயர் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஓட்லி என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விலங்கைக் கழற்றச் சொன்னார். சர் ஆம்ப்ரோஸின் சாவுக்குக் காரணம் 'கடவுளின் செயல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரையும் தேவாலயத்தில் புதைத்தார்கள். அந்தத் தாளில் 'கடலில் இறந்தார்', 'வாரிசு இல்லை' என்ற இரண்டையும் அடித்தேன். அதன் பிறகுதான் அந்த வரி காய்ந்தது.

ஊருக்குத் திரும்பும் வழியில், மூன்று மைல் தள்ளி ஒரு சத்திரத்தில் கஞ்சி குடித்தேன். வாய் வீங்கியிருந்தது. மூலையில் பிடில் வாசிக்கும் கிழவர் ஒருவர். பெயர் ஜெஃப்ரி டோன். நான் கால்டர்ஸ்டோவிலிருந்து வருவதாகச் சத்திரக்காரர் சொன்னதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுவருக்குள்ள எலும்பு கெடந்துச்சாமே. எந்தச் சுவரு தம்பி? சாப்பாட்டு ரூமா?"

தலையசைத்தேன்.

பிடிலை மேஜை மேல் வைத்தார்.

"நாப்பத்தஞ்சு நவம்பர்ல சர் ஆம்ப்ரோஸ் எங்களை நாலு பேரை வரச் சொன்னார். தினம் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிக்கணும். சத்தமா வாசிங்கடான்னு சொல்லுவார். நாற்காலியை அந்தச் சுவர்ப் பக்கமா திருப்பிப் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனா தம்பி... நடு நடுவுல கையைத் தூக்குவார். நாங்க நிறுத்திடணும். கொஞ்ச நேரம் அப்படியே எதையோ கேட்டுக்கிட்டு இருப்பார். முகத்துல சின்னதா ஒரு சிரிப்பு. அப்புறம் ம், வாசிங்கன்னு சொல்லுவார்."

"எத்தனை நாள்?"

"பத்தொன்பது நாள் வாசிச்சோம். இருபதாம் நாளும் கையைத் தூக்கினார். நிறுத்தினோம். அன்னிக்கு ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, 'சரி, இனிமே நீங்க வர வேணாம்'னுட்டார்."