நாலு மடிப்புக் கன்வஸ்

ஊர்காவற்றுறையில் நான் படிப்பித்த காலத்தில், எதிர்வீட்டில் வள்ளங்களுக்குப் பாய் தைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். மெலிந்த, நெடிய உருவம். அதுவரை கையாலேயே தைத்து வந்தவருக்கு, கன்வஸ் தைக்கும் பெரிய மெசின் ஒன்று லொறியில் வந்திறங்கியது. நானும் பார்க்கப் போனேன்.

மெசினை மேசையில் பூட்டி எண்ணெய் விட்டார். நூலை மெழுகுதிரித் துண்டில் இழுத்தெடுத்துக் கோர்த்தார். மெழுகு பூசாத நூலால் அவர் எதையுமே தைத்ததில்லை.

முதல் வேலை, மீனவர் ஒருவரின் கிழிந்த பாய். அவரிடம் வேறு பாய் இல்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன.

மூலையில் நாலு மடிப்பு வந்த இடத்தில் ஊசி முறிந்தது. அடுத்த ஊசியும் முறிந்தது.

"உந்த மெசினுக்கு ஏலாது அக்கா. மடிப்பைக் குறையுங்கோ" என்றார் மீனவர்.

"குறைச்சால் காத்து முதல் இந்த மூலையைத்தான் கிழிக்கும். மெசினுக்கு ஏலும், ஊசிதான் மெல்லிசு. பொறும்."

தடித்த ஊசியைப் பூட்டி, நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தினார். மிதிக்காமல், மெசினின் சக்கரச் சில்லைக் கையாலேயே மெல்லச் சுற்றினார். ஊசி நாலு மடிப்பையும் துளைத்து இறங்கியது. பிறகு மிதித்தார், வீடே அதிர்ந்தது.

பின்னேரம் அந்தப் பாய் புடைத்து நிற்க வள்ளம் துறையை விட்டுப் பாய்ந்தது. மீனவர் கையை உயர்த்திக் கூவினார். அக்கா கரையில் இடுப்பில் கைவைத்து நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒருநாள் நீங்களும் ஏறிப் பாருங்கோவன்" என்றேன்.

"ஐயோ மாஸ்டர், வள்ளத்தில கால் வைச்சாலே எனக்குத் தலை சுத்தும்!"

கடலுக்கே போகாத அவர் காற்றை எப்படி அவ்வளவு சரியாக அறிந்திருந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.