ரயில் எப்ப வெளிக்கிடும்?

புயல் வந்து தனுஷ்கோடியை வாரிக்கிட்டுப் போறதுக்கு எட்டொன்பது வருஷம் முந்தி நடந்தது இது. எனக்கு அப்போ பதினெட்டு வயசு. திருவாடானைப் பக்கம் எங்க ஊர். அய்யாவுக்குத் தெரிஞ்ச வியாபாரி ஒருத்தர் சொல்லி, யாழ்ப்பாணத்துல ஒரு காலேஜ்ல என்னைச் சேர்த்துவிட்டாங்க. கப்பலேறிப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான்னு அய்யா ஊர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். அங்கேயும் தமிழ்தானே, என்ன கஷ்டம் வந்துரப்போவுதுன்னு நானும் தெம்பாத்தான் போனேன்.

முதல் நாள் பாடமெல்லாம் இங்கிலீஷ். ஒரு மண்ணும் விளங்கலை. வகுப்பு முடியவும் எந்திரிச்சு நின்னு, “சார், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்”னேன். வகுப்பே கொல்லுன்னு சிரிச்சது. வாத்தியாரும் “எனக்கே பேசப் போறீரோ?”ன்னு கேட்டுட்டு மீசைக்குள்ள சிரிச்சார்.

எனக்குக் காரணமே தெரியலை. அன்னையிலேருந்து விடுதியில என்னைக் கண்டாலே, “ஐயோ, பேசப் போறார்!”னு பயந்து ஓடுற மாதிரி நடிப்பாங்க. நம்ம பட்டிக்காட்டுப் பேச்சு அவ்வளவு கேவலமா இருக்குபோலன்னு நினைச்சு வாயையே மூடிக்கிட்டேன். இருபத்திரண்டு நாள்! சோறு போதும்கிறதைக்கூட கையாலதான் காட்டுவேன். அதுக்கு மேல முடியலை. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் பெட்டியோட கப்பலேறிட்டேன். படிப்புக்கே முழுக்குப் போட்டாச்சுன்னுதான் எண்ணம். அய்யா மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னுதான் வழி பூரா யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

தனுஷ்கோடியில இறங்கி டீக்கடைப் பக்கம் நின்னேன். அதே கப்பல்ல வந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருத்தர், என் வயசுதான் இருக்கும், கடைக்காரர்கிட்ட மரியாதையா, “அண்ணை, மதுரை ரயில் எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?”னார்.

எங்க பக்கம் ‘வெளிக்கு’ன்னா காலையில ஒதுங்கப் போறது. கடைக்காரர், “ஏலே, கேட்டியளா? ரயிலு வெளிக்குப் போவுமாம்ல!”ன்னார். கூலிக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க. நான் சும்மா இருந்தேனா? “சொம்பு கிடைச்சதும் போவும்!”னு எடுத்துவிட்டேன். அதுக்குத்தான் ரொம்பப் பெரிய சிரிப்பு.

அந்தப் பையன் டீயை அப்படியே வச்சுட்டு, தள்ளிப் போய் டிரங்குப் பெட்டி மேல உக்காந்தார். காதெல்லாம் சிவந்துபோச்சு. யாரையும் பார்க்காம தன் செருப்பையே பார்த்துக்கிட்டிருந்தார். இருபத்திரண்டு நாளும் நான் அப்படித்தான் உக்காந்திருந்தேன். சீ, நானும் ஒரு மனுசனான்னு ஆயிருச்சு.

அந்த டீயை எடுத்துக்கிட்டு அவர் பக்கத்துல போனேன். விடுதியில காதுல விழுந்த வார்த்தை ஒண்ணு ஞாபகம் வந்தது. “உங்ககூடக் கொஞ்சம் கதைக்கலாமா?”ன்னேன்.

சடக்குன்னு நிமிர்ந்து பார்த்தார். “ஓம், இருங்கோ”ன்னு நகர்ந்து இடம் விட்டார்.

மதுரையில படிக்க முதன்முதலா வந்திருக்காராம். இங்கன ‘கிளம்பும்’னு சொல்லணும், ‘வெளிக்கிடும்’னா அர்த்தமே வேறன்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். பிறகு என் கதையைக் கேட்டார். வாத்தியார்கிட்ட ‘பேசணும்’னதையும் எல்லாரும் சிரிச்சதையும் சொன்னேன்.

“எங்கட ஊரில பேசுறது எண்டால் ஏசுறது. நீங்கள் பேசுறது எண்டுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுவம். வாத்தியாருக்கே ஏசப் போறன் எண்டு சொல்லியிருக்கிறீர். சிரிக்காமல் என்ன செய்வினம்?”

அடக் கடவுளே! இதுக்கா நான் படிப்பை விட்டுட்டு ஓடி வந்தேன்?

அவரை மதுரை ரயில்ல ஏத்திவிட்டுட்டு, ஊருக்குப் போகாம அடுத்த கப்பல்லயே திரும்பிட்டேன். முதல் வேலையா அந்த வாத்தியார்கிட்ட, “சேர், உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்”னேன். படிப்பை முடிச்சுட்டுத்தான் ஊர் வந்தேன். நடுவுல நான் ஓடி வந்தது அய்யாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

அந்தப் பையனை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. அந்தச் சொம்புப் பேச்சுக்கு அவர்கிட்ட மன்னிப்பும் கேட்கலை. கதைக்கலாமான்னு கேட்டதையே மன்னிப்பா எடுத்துக்கிட்டிருப்பார்னுதான் இன்னைக்கும் மனசைத் தேத்திக்கிறேன்.